பத்தொன்பது நாள்

“மாசத்துக்குப் பத்தொன்பதுக்கு மேல எழுதாதே.”

1988-இல் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கிடைத்த உத்தரவு இது. ஆலையின் பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் இதே உத்தரவு வேறு பல டைம் ஆபீஸ்களிலும் வேறு வேறு எண்ணாக இருந்தது. பர்சனல் ஆபீசர் தஞ்சாவூர்க்காரர், வெற்றிலை போடுவார், சட்டம் நன்றாகத் தெரிந்தவர். ‘கேசுவல்’ என்று தனியாக வைத்திருந்த மஸ்டர் ரோலைத் திருப்பி, பென்சிலால் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். இந்தச் சட்டம் நம் மாநிலத்துக்கே உரியது. பத்தொன்பதை 24-ஆல் பெருக்கினால் 456. “பண்டிகை லீவையும் சேர்த்துக்கோ” என்றார். தேசிய விடுமுறை நான்கு, பண்டிகை விடுமுறை ஐந்து, ஆக வருஷத்துக்கு ஒன்பது. இரண்டு வருஷத்துக்குப் பதினெட்டு. 456-ம் 18-ம் 474. இன்னும் ஆறு நாள் குறைகிறது. ஒரு வருஷக் கணக்காகப் பார்த்தால் 228-ம் ஒன்பதும் 237. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் கிராஜுவிட்டிக்கும் 240 வேண்டும். அதற்கும் மூன்று குறைகிறது.

விடுமுறையை அவர் ஏன் சேர்த்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 1985-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்பளத்தோடு கொடுக்கும் ஞாயிறும் விடுமுறையும் 240 நாளில் சேரும் என்று சொல்லிவிட்டது. தொழிலாளிக்குச் சாதகமான தீர்ப்பு. அதைப் படித்துத்தான் எங்கள் ஆபீசர் விடுமுறையையும் கூட்டிப் பார்த்துப் பத்தொன்பதில் நிறுத்தியிருந்தார். இருபது எழுதினால் 249 ஆகிவிடும் அல்லவா? வேறு எந்தத் தீர்ப்பையும் அவ்வளவு உடனடியாக எங்கள் ஆலை அமல்படுத்தி நான் பார்த்ததில்லை.

ஆனால் பேக்கிங் பிளான்டில் லாரி வரிசை நிற்கும்போது ஆளைப் பத்தொன்பது நாளோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது. மாதம் 26 நாளும் ஆள் வேண்டும். மிச்சம் ஏழு நாளுக்கு வவுச்சர். ‘லோடிங் சில்லறைக் கூலி’ என்று தலைப்பிட்டு, பெயர் எழுதாமல் மொத்தத் தொகை போடுவேன். பணம் ஒழுங்காகக் கைக்குப் போய்விடும். அதனால் யாருக்கும் அப்போது வருத்தம் இல்லை. எனக்கும் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, தா.பழூரிலிருந்து போய்ச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த முதல் தலைமுறை. பேனாவைப் பிடித்த பெருமையில் அது எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆலை கிடையாது. பொன்னாற்றுப் பாசனத்தில் நெல், கொள்ளிடக் கரையில் கரும்பு, மேட்டுப்பக்கம் போனால் முந்திரி. விடியற்காலை ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறி அரியலூர்ப் பக்கம் போகிறவர்களில் பாதிப் பேர் சிமெண்டுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இரண்டு முதலாளிகள். ஒன்று ஆலை, இன்னொன்று ஒண்ணரை ஏக்கர் நிலம். இரண்டாவது முதலாளி மெமோ கொடுக்க மாட்டார். ஆனால் கதிர் முற்றிவிட்டால் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார்.

தை மாதம் மஸ்டர் ரோலைப் பார்த்தால் சிவப்பு மையால் கோலம் போட்டதுபோல இருக்கும். அத்தனையும் ஆப்சென்ட். லீவு கடிதங்களில் பாட்டிமார்கள் கொத்துக் கொத்தாக இறந்துபோவார்கள். ஒரு பாட்டி மூன்று தையில் மூன்று முறை இறந்தார். அந்தப் பாட்டியை மதனத்தூர் பஸ் நிறுத்தத்தில் நானே பார்த்திருக்கிறேன். “எம் பேரன் சௌக்கியமா வேலை பாக்குறானா தம்பி?” என்று என்னிடமே கேட்டார். சௌக்கியம் என்றேன்.

வடக்கேயிருந்து வந்த மேலாளர் ஒருவருக்கு இது புரியவில்லை. வராதவனை நீக்கு என்றார். ஆலையின் பணி விதிகளான நிலையாணையிலும் அப்படித்தான் இருந்தது. எட்டு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வராவிட்டால், தானே வேலையை விட்டுவிட்டதாகக் கருதிப் பெயரை அடித்துவிடலாம். பெயரை அடிப்பதற்குச் சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் போதும். நானே நான்கு பெயர்களை அடித்திருக்கிறேன்.

1993-இல் டி.கே.யாதவ் வழக்கின் தீர்ப்பு வந்தது. எங்கள் ஆபீசர் எல்.எல்.ஜே. சட்ட இதழை மேஜையில் விரித்து வைத்து, வெற்றிலையைக்கூடத் துப்பாமல் படித்தார். யாதவும் எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று பெயர் அடிக்கப்பட்டவர்தான். வேலைக்கு வந்தேன், கேட்டில் விடவில்லை என்பது அவர் கட்சி. விசாரிக்காமல், ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவன் பிழைப்பை எடுக்க முடியாது, நிலையாணையில் எழுதியிருந்தாலும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திரும்ப வேலை, பாதிப் பின்சம்பளம். ஆபீசர் நிமிர்ந்து, “இனிமே ஸ்கேலைப் பூட்டி வை” என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தத் தொழில் தெரிய ஆரம்பித்தது. ஒருவன் வரவில்லை என்றால் முதலில் அவன் ஊர் எது என்று பாருங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும். நான் பெயர்ப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஊரையும், ஊருக்குப் பக்கத்தில் பயிரையும் குறித்து வைத்தேன். கொள்ளிடக் கரை ஊர்க்காரர்களுக்குத் தை, மாசியில் அறுப்பு. முந்திரிக்காட்டுக்காரர்களுக்குப் பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கும் வேலை. இரண்டு கூட்டத்துக்கும் லீவை மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஷிஃப்ட் ஓடிவிடும். கரைக்காரனின் மாசி நாளை மேட்டுக்காரன் பார்ப்பான், அவன் சித்திரை நாளை இவன் பார்ப்பான். ஆபீசர் ஒப்புக்கொண்டார். மேலாளர் ஒப்புக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. தை பிறந்தால்தான் ஜனங்கள் வீடு கட்ட அஸ்திவாரம் போடுவார்கள், சிமெண்ட் மூட்டை பறக்கும். அறுப்பும் விற்பனையும் ஒரே மாதத்தில் வந்து உட்கார்ந்துகொண்டால் அவர் மட்டும் என்ன செய்வார்? சூளையை நிறுத்தி உள்செங்கல் மாற்றும் வேலையைத் தையில் வைக்கலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சார்ஜ் மெமோ எழுதுவது ஒரு கலை. நான் சேர்ந்தபோது அது ஆங்கிலத்தில் போகும். வாங்கியவன் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கு ஓடுவான். வாத்தியார் படித்துவிட்டு, “ஏதோ பெரிசா எழுதியிருக்கான்” என்று சொல்லி அனுப்புவார். குற்றச்சாட்டு புரியாதவன் என்னத்தை விளக்கம் எழுதுவது? தமிழில் எழுதலாம் என்றான பிறகு நான் எழுதிய முதல் மெமோ, ‘தாங்கள் தன்னிச்சையாகவும் வேண்டுமென்றேயும்’ என்று தொடங்கியது. ஆபீசர் அடித்துவிட்டார். “வேண்டுமென்றேன்னு உனக்கு எப்படித் தெரியும்? தேதி போடு, ஷிஃப்ட் போடு, எந்த நிலையாணைப் பிரிவுன்னு போடு. மனசுக்குள்ள போகாதே.” பிற்பாடு நானே விசாரணை அதிகாரியாக உட்கார்ந்தபோது, மனசுக்குள் போன மெமோக்கள் எல்லாம் முதல் குறுக்கு விசாரணையிலேயே விழுவதைப் பார்த்தேன்.

மெமோ பதிவுத் தபாலில்தான் போகும். அந்த நாளில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பதிவுத் தபால் என்றால் தந்தி மாதிரி. போஸ்ட்மேன் சைக்கிளை நிறுத்துவதற்குள் தெருவே கூடிவிடும். அதனால் பல பேர் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘மறுத்துவிட்டார்’ என்ற குறிப்போடு உறை எங்களிடமே வரும். அதைப் பிரிக்கக் கூடாது. ஒட்டினது ஒட்டினபடி ஃபைலில் போட்டு வைத்தால்தான், நாளைக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் கிழித்து, உள்ளே இருப்பது இதே மெமோதான் என்று காட்ட முடியும். ஒரு புதுப் பையன் ஆர்வத்தில் பிரித்துப் படித்துவிட்டான். அந்த வழக்கு அதோடு போயிற்று.

உள்விசாரணையில் ஆபீசர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் எங்களுக்கும் ஒரே மாதிரி நாற்காலி, கைப்பிடி வைத்தது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் வந்த ஊரில் எந்தத் தெருக்காரர் எந்தத் தெருக்காரர் முன்னால் உட்காரலாம் என்பதற்குத் தனி நிலையாணை உண்டு. அதை எழுதி எங்கும் ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். காலனியிலிருந்து வந்த ஒரு லோடிங் தொழிலாளி முதல்முறை அந்த நாற்காலியின் விளிம்பில் அரைகுறையாக உட்கார்ந்தார். ஆபீசர், “நல்லா சாஞ்சு உக்காருங்க, ரெண்டு மணி நேரம் ஆகும்” என்றார். அன்றைய விசாரணையில் அந்த மனிதர் ஃபோர்மேனைக் கேட்ட கேள்விகளில் குற்றச்சாட்டு பாதியாகக் கரைந்தது. நின்றுகொண்டு கேட்டிருந்தால் அதே கேள்விகள் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். பத்தொன்பது நாள் எழுதச் சொன்னவரும் இவர்தான். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார். எனக்கு இன்றைக்கும் அவரை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

இனி டீக்கடைக்கு வருகிறேன்.

ஆலை கேட்டுக்கு எதிரே ஓர் அக்கா டீக்கடை வைத்திருந்தார். காசுக்கு டீ குடித்தவர்கள் கொஞ்சம், கடன் கணக்குதான் அதிகம். நாற்பது பக்க நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம், தேதி போட்டு, ‘2 டீ, 1 வடை’ என்று எழுதி வைப்பார். மாதச் சம்பளத்தன்று கேட்டில் நின்று வசூல். அவர் ஐந்தாவதோ ஆறாவதோ படித்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

1996-இல் கேசுவல் ஆட்கள் பதினோரு பேர் சங்கத்தின் மூலம் நிரந்தரம் கேட்டார்கள். முன்னால் நின்றவர் கோடாலிக்கருப்பூர் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர், ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். நிர்வாகத்தின் பதில் என் மஸ்டர் ரோல்தான். நான்கு வருஷமும் வருஷத்துக்கு 237. சுத்தமான கணக்கு. சமரச அதிகாரி இரண்டு அமர்வு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அமர்வுக்குச் சங்கத்துக்காரர்கள் ஒரு கட்டு நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். டீ மணம் அறை முழுக்க வந்தது.

அதிகாரி மஸ்டரில் ஆப்சென்ட் என்றிருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பக்கத்தில் இருந்தவர் நோட்டைப் பார்த்துச் சொன்னார். ஆப்சென்ட்: இரண்டு டீ, ஒரு மசால்வடை. ஆப்சென்ட்: ஒரு டீ. ஆப்சென்ட்: மூன்று டீ, ஓ.டி. போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், எங்கள் தரப்பு வக்கீல் உள்பட. அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. “வேலைக்கு வராதவர் டீ குடிக்கிறதுக்குன்னே ஜெயங்கொண்டத்துல பஸ் மாறி இவ்வளவு தூரம் வர்றாரா?” என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, இந்த மஸ்டர் உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். அந்த நாட்களில் இவர்கள் வேலை பார்த்தார்களா என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

நிர்வாகம் இறங்கி வந்தது. தொழில் தகராறுச் சட்டத்தின் 12(3) பிரிவில் ஒப்பந்தம். அந்தச் சட்டத்தில் இந்த வகை ஒப்பந்தத்துக்கு ஒரு பலம் இருந்தது. சமரச அதிகாரி முன்னால் போட்டால் கையெழுத்துப் போட்ட சங்கத்தை மட்டுமல்ல, ஆலையில் உள்ள எல்லோரையும், நாளைக்கு வேலைக்கு வரப்போகிறவனையும் கட்டும். தனியாக உட்கார்ந்து போடும் 18(1) ஒப்பந்தம் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். பதினோரு பேரும் நிரந்தரம். ஆனால் ஒப்பந்தத் தேதியிலிருந்து. அதற்கு முந்திய நாட்களுக்கு எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று நான்காவது ஷரத்து. அந்த ஷரத்தைத் தட்டச்சு செய்தது நான். அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. டீக்கடை அக்காவிடம் கடன் வைத்துக்கொள்வதை அதோடு நிறுத்திவிட்டேன். அது வெட்கமா, எச்சரிக்கையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் 2020-இல் ஓய்வு பெற்றேன். இப்போது தா.பழூரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் காலையில் இரண்டு பேராவது வருகிறார்கள். பெரும்பாலும் பி.எஃப். விவகாரம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான்கு வருஷம், ஒரகடத்தில் இரண்டு வருஷம், பிறகு சிங்கப்பூர் என்று போய் வந்த பையன்கள். ஆதாரில் அப்பா பெயர் சேர்ந்திருக்கும், பி.எஃப். கணக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஒரு எழுத்துக்காகப் பணம் வருஷக்கணக்கில் நிற்கும். 1952-இல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தபோது முதலில் சேர்த்த ஆறு தொழில்களில் சிமெண்டும் ஒன்று என்று அவர்களிடம் சொல்வேன். யாருக்கும் அதில் அக்கறை இல்லை. பணம் எப்போது வரும் என்பார்கள்.

அடுத்து அதிகம் கேட்பது கிராஜுவிட்டி. ஐந்து வருஷம் முடியவில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டதாக வருவார்கள். நான்கு வருஷமும் ஐந்தாவதில் 240 நாளும் இருந்தால் போதும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் சில கம்பெனிகள் பேசாமல் கொடுத்துவிடும். 2025 நவம்பர் 21 முதல் 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகிவிட்டன. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுக்கப்படுகிறவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி, எல்லோருக்கும் நியமனக் கடிதம் என்கிறார்கள். நல்லதுதான். புதுச் சட்டத்துக்கு ஏற்ற புதுப் பத்தொன்பதை எந்த டைம் ஆபீஸில் எந்தப் பையன் எழுதிக்கொண்டிருக்கிறானோ.

2024-இல் ஒரு நாள் கோடாலிக்கருப்பூர்க்காரர் வந்தார். தலை முழுக்க நரை. கையில் மஞ்சள் பை.

“ரிட்டயர்டு ஆயிட்டேண்ணே. கிராஜுட்டி சரியா போட்டிருக்காங்களான்னு பாருங்க.”

கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 26,000. மாதத்தை 26 நாளாக வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். பல பேர் பாதிச் சம்பளம் என்று 13,000 போட்டு ஏமாறுவார்கள். வருஷத்துக்கு 15,000 வருகிறது. 1996-இலிருந்து 28 வருஷம், 4,20,000. கம்பெனி கணக்கு ரூபாய் பிசகாமல் இருந்தது.

“சரியாத்தான் இருக்கு” என்றேன்.

“நான் சேர்ந்தது தொண்ணூத்திரெண்டு இல்லீங்களாண்ணே?”

அவர் கேட்ட தோரணையில் குற்றம் எதுவும் இல்லை. தேதி மறந்துபோன மனிதர் தெரிந்தவரிடம் கேட்பது போலத்தான் கேட்டார். நான்கு வருஷம், 60,000 ரூபாய். எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அப்போதைய கிராஜுவிட்டிச் சட்டத்தில் 14-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. வேறு எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தச் சட்டம்தான் மேலே நிற்கும். அப்படியானால் நான் தட்டச்சு செய்த நான்காவது ஷரத்து கிராஜுவிட்டியைக் கட்டுமா? கட்டாது என்று வாதாடலாம். எதிர்த்தரப்பும் வாதாடும், நிச்சயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நான்கு வருஷத்தில் வருஷத்துக்கு 240 நாள் வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டும். மஸ்டரில் 237 இருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அந்த 237-ஐ எழுதியவன் யார் என்பதையும், ஏழு நாள் வவுச்சர் எப்படி ஓடியது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

“தெரியுமேண்ணே” என்றார். “அப்பவே எங்க எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் எழுதுனீங்கன்னு. யார் உக்காந்திருந்தாலும் எழுதியிருப்பாங்க.”

கட்டுப்பாட்டு அதிகாரிக்கு ‘என்’ படிவத்தில் மனுப் போடத் தொண்ணூறு நாள் கெடு. அவருக்கு அன்றைக்கு எழுபத்தொரு நாள் கழிந்திருந்தது. பத்தொன்பது நாள் மிச்சம். எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை விரலை மடக்கி எண்ணினேன். பத்தொன்பதுதான்.

சாட்சிக்கு யார் என்றார். நான் வருகிறேன் என்றேன். வேறு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு மஞ்சள் பையைக் கவிழ்த்தார். அக்கா கடையை மூடியபோது நோட்டுகளை எடைக்குப் போட மனசில்லாமல் ஆளுக்கு ஆள் கொடுத்துவிட்டுப் போனாராம். இவர் பங்குக்கு வந்தது 1994, 1995 நோட்டுகள். அட்டை உதிர்ந்திருந்தது, மை மட்டும் மங்கவில்லை. அவர் பக்கத்தைத் தேடிப் புரட்டினேன். எதிர்ப்பக்கத்தில் என் பெயர், ‘டைம் ஆபீஸ் தம்பி’ என்று. அவர் குடித்த நாளெல்லாம் நானும் குடித்திருக்கிறேன். கடைசி வரிக்குக் கீழே அக்காவின் கையெழுத்தில், பாக்கி நாலு ரூபாய் ஐம்பது காசு.